ஏறிப்போன மதிப்பெண்

மாஸ்டர் என்று சொன்னால் அந்தத் தெருவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவரைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். கற்றுக்கொள்கிறவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, எதிரே லாரி வந்தாலும் குரலை உயர்த்தாமல் "கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்று சொல்லக்கூடிய மனிதர். வண்டி கிளம்புவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடுவார். அது பிரார்த்தனை. ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று, கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிவைப்பார்.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கிடைத்திருக்கிறது என்பதை எல்லாம் கண்ணாடி அறைக்குள் இருந்து ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் அவருடையது. ஒரு நாள் அந்தக் குரல் நடுவழியில் குழறியது. அப்புறம் விரல்கள் சாவியைத் தவறவிட்டன. படியில் கால் தடுக்கியது. பல மருத்துவர்களைப் பார்த்த பிறகு பெயர் தெரிந்தது: இயக்க நரம்பணு நோய். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அவிந்துபோகும். அறிவு அப்படியே இருக்கும். கை கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று வரிசையாகச் சொல்பேச்சு கேட்காமல் போகும். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் நகரத்தின் மறுகோடியில் இருந்த உயர் ஆராய்ச்சி நடுவத்தில் புதிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அதில் ஓர் இடம் கிடைத்தால் நல்லது என்றார் கடைசியாகப் பார்த்த மருத்துவர்.

அந்த ஓர் இடத்துக்காகத்தான் மாஸ்டரும் மனைவியும் நடுவத்தின் வாசலில் போய் நின்றார்கள்.

ஏழு மாடிக் கட்டடம். வாசலில் சக்கர நாற்காலிகள் ஏறுவதற்கு அழகான சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதன் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"திறப்பு விழா இன்னும் ஆகலைங்க. பெரியவங்க தேதி கொடுக்கணும்" என்றார் காவலாளி.

"அதுவரைக்கும் எப்படிப் போறதுங்க?"

"ரிப்பனுக்குக் கீழ குனிஞ்சு போங்க. குனியலாம், அறுக்கத்தான் கூடாது."

சக்கர நாற்காலியில் வந்தவர்கள் எல்லோரும் ரிப்பனுக்கு முன் தலையைத் தாழ்த்தியபடியே உள்ளே போனார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய பக்தி போலத் தெரிந்தது.

முதல் தடவை போனபோது அவர்களைப் பரிசோதித்த மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். "ரொம்ப நல்லா இருக்காங்களே. எங்க ஆய்வுக்கு இந்த அளவு போதாது. கொஞ்சம் மோசமானதும் வாங்க."

"எவ்வளவு மோசமானதும் வரணும் டாக்டர்?" என்று கேட்டார் மாஸ்டர். கடையில் சட்டை அளவு கேட்பது போல இருந்தது அவருக்கே.

"அதிகமாவும் ஆகிடக் கூடாது. அளவா."

இரண்டாம் தடவை போனபோது அதே மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடடா, போன வாரம் வந்திருந்தீங்கன்னா சரியா இருந்திருக்கும்."

"போன வாரம் வந்தோங்க. உங்க ஆண்டு விழான்னு பூட்டியிருந்துச்சு."

மருத்துவர் யோசித்தார். விழா நாட்களில் நோய் முன்னேறியதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று துறைத் தலைவரிடம் பேசி அனுமதி வாங்கினார். "வாழ்த்துக்கள், தேர்வாகிட்டீங்க" என்று கை நீட்டினார். மாஸ்டரின் மனைவியின் கை அவ்வளவு தூரம் நீளவில்லை. மருத்துவர் அந்தரத்தில் நின்ற தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கொடுத்த மாத்திரைக்குள் மருந்தும் இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம். யாருக்கு எது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது. மாஸ்டருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. மனைவிதான் சமாதானம் சொன்னார். நாக்கு தடிக்க, ஒவ்வொரு வார்த்தையாக இறக்கிவைத்தார்: "அது நியாயம்தாங்க. ஒப்பிட்டுப் பார்த்தாத்தானே மருந்தான்னு தெரியும். எனக்கு மாவுன்னாலும், இன்னொருத்திக்கு உண்மை தெரியட்டும்."

மாஸ்டர் மாத்திரையை அவர் நாக்கில் வைத்தார். வைக்கும் முன் கண்ணில் தூசி விழுந்தது.

மாதம் ஒரு முறை மதிப்பீடு. பேசுகிறாரா, விழுங்குகிறாரா, தானே சாப்பிடுகிறாரா, தானே சட்டைப் பொத்தான் போடுகிறாரா, படி ஏறுகிறாரா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். மதிப்பிடுகிற அம்மாள் கண்ணாடி போட்டவர், சிரிக்காதவர். சிரித்தால் நோயாளிக்கு உற்சாகம் வந்து மதிப்பெண் ஏறிவிடும், முகம் சுளித்தால் இறங்கிவிடும் என்று, முகத்தில் எதுவும் தெரியாமல் இருக்க அவருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். பயிற்சியில் முதலாவதாக வந்தவர். மாஸ்டரின் மனைவி அவருக்கு 'பரீட்சை' என்று பெயர் வைத்தார். எப்போதும் ஒலிவாங்கியோடு திரிந்த இயக்குநருக்கு 'மைக்' என்று வைத்தார். நாக்கு எவ்வளவு தடித்தாலும் பட்டப்பெயர் வைக்கிற வேலை மட்டும் தடைபடவில்லை.

வீட்டில் ஒரு காலை, மனைவி சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் போட்டுவிடப் போனால் தள்ளிவிட்டார். "எல்லாத்தையும் நீங்களே செஞ்சா, நான் எதுக்கு? பொம்மைக்கா சட்டை போடுறீங்க?" என்றார். சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது மாஸ்டர் பார்த்தது குறைவு.

மாஸ்டர் கடைத்தெருவுக்குப் போய், பள்ளிக்கூடப் பைகளிலும் காலணிகளிலும் இருக்குமே, அழுத்தினால் ஒட்டிக்கொண்டு இழுத்தால் 'பர்ர்' என்று பிரிகிற ஒட்டுப்பட்டை, அதை வாங்கிவந்தார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு ஊசி பழக்கமில்லை. முதல் சட்டையில் இரண்டு பக்கமும் மெத்தென்ற பட்டையையே தைத்துவைத்தார். அது காந்தம் இல்லாத கதவு மாதிரி ஒட்டவே மறுத்தது. விரலெல்லாம் குத்துப்பட்டு, ஒருவழியாக இரண்டாவது சட்டையில் சரியாக வந்தது. பட்டையை உள்ளே மறைத்து, வெளியே பொத்தான்களை அழகுக்கு அப்படியே வைத்துத் தைத்திருந்தார். மனைவி புறங்கையால் நெஞ்சைத் தட்டிக்கொண்டார். சட்டை மூடிக்கொண்டது. கண்ணாடியில் தன்னையே பார்த்தார்.

"மாஸ்டர்" என்றார் கேலியாக, "லைசென்ஸ் வாங்கிட்டேன்."

அடுத்து கரண்டிப் பிடிக்குப் பஞ்சு சுற்றித் தடிமனாக்கினார் மாஸ்டர். மறுபடி மனைவி தானே சாப்பிட ஆரம்பித்தார். பாதி சிந்தியது, பாதி உள்ளே போனது. இரண்டு பேருக்குமே அது விருந்து.

அடுத்த மதிப்பீட்டு நாளில் பரீட்சை அம்மாள் கேட்டார்: "தானே பொத்தான் போடுறாங்களா? ஆமாவா, இல்லையா?"

"போடுறாங்க. ஆனா அம்மா, அது பட்டன் இல்ல, நான் உள்ள ஒரு பட்டை வெச்சு..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்ததுக்கு இதுல இடமில்ல."

"ஆமாங்க."

அந்த அம்மாள் தட்டச்சு செய்தார். கணினி சிவப்பாக ஒளிர்ந்து 'உறுதிதானா?' என்று கேட்டது. இந்த நோயில் மதிப்பெண் இறங்கும், சில காலம் நிற்கும். ஏறியதாக அந்த அறையில் யாரும் கண்டதில்லை. அம்மாளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எழுந்து போய்த் துறைத் தலைவரைக் கூட்டிவந்தார். துறைத் தலைவர் இயக்குநரைக் கூட்டிவந்தார். இயக்குநர் ஒலிவாங்கியோடு வந்தார்.

"ஏறியிருக்கு" என்றார் துறைத் தலைவர்.

"ஏறியிருக்கா?" என்று இயக்குநர் ஒலிவாங்கியில் கேட்டார். காத்திருப்புக் கூடம் முழுக்க எதிரொலித்தது.

மாஸ்டர் குறுக்கே புகுந்தார். "ஐயா, அது மருந்தால இல்ல. சட்டையில..."

இயக்குநர் அவர் தோளில் கை போட்டார். "உங்க பணிவு எனக்குப் புரியுது. நன்றி எல்லாம் விழாவுல சொல்லிக்கலாம்."

விழா என்றால் சாதாரண விழாவா? பத்திரிகையாளர்கள், வெளியூர் நிபுணர்கள், பணம் கொடுக்கிற அறக்கட்டளைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். அன்றைக்குத்தான் வாசல் ரிப்பனும் அறுபட்டது. இயக்குநர் மேடையேறிப் பேசினார்.

"இந்த நோய்க்கு நாம் எவ்வளவோ கடமைப்பட்டிருக்கிறோம். நான் பொறுப்பேற்றபோது இந்த நடுவத்துக்கு இரண்டே அறைகள். இன்று ஏழு மாடிகள். இந்த நோய் மட்டும் இல்லையென்றால் இது சாத்தியமாகியிருக்குமா? நோயாளிகள் இதே போலத் தொடர்ந்து ஒத்துழைத்தால் எட்டாவது மாடியையும் எட்டுவோம். இந்த மருந்து வெற்றி பெறும் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எங்கள் அடுத்த ஆண்டு அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது."

கைதட்டல் ஓய்ந்ததும் மாஸ்டரின் மனைவியைச் சக்கர நாற்காலியில் மேடைக்குத் தள்ளிப்போனார்கள். திறந்த சட்டையை அவரே மூடிக் காட்ட வேண்டும். இயக்குநர் ஒலிவாங்கியை அவர் வாயருகே நிறுத்திவைத்தார்.

மாஸ்டர் கீழே முதல் வரிசையில் இருந்தார். பிரேக் இல்லாத வெறும் தரையை அவர் வலது கால் அழுத்திக்கொண்டே இருந்தது. உண்மையைச் சொன்னால் கிடைத்த இடம் போய்விடும். சொல்லாவிட்டால் வேலை செய்யாத மருந்தை வேலை செய்ததாக நம்பி, யார் யார் வீட்டிலோ காத்திருப்பார்கள். அவர் எழுந்து, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றார். பாதுகாவலர் ஒருவர் அன்போடு அவரைத் திரும்ப உட்கார வைத்தார்.

மேடையில் மனைவி புறங்கையால் நெஞ்சைத் தட்டினார். சட்டை மூடிக்கொண்டது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் வாழ்நாளெல்லாம் ஒலிபெருக்கியில் உண்மையைச் சொல்லிப் பழகியவர். வராத வண்டியை வந்துவிட்டது என்று ஒரு நாளும் அறிவித்ததில்லை. கைதட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்தார். நாற்காலியில் மெல்ல முன்னால் சாய்ந்து, சட்டையை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெருவிரலை உள்ளே நுழைத்து இழுத்தார்.

பர்ர்ர்ர்ர்.

ஏழு மாடிக்கும் கேட்டது. குழந்தைகளை வளர்த்த யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். பின்வரிசையில் ஒரு நிருபர் சிரித்துவிட்டார்.

"கவனிக்கவும்" என்றார் மாஸ்டரின் மனைவி, முடிந்த அளவு தெளிவாக. "இது என் வீட்டுக்காரர் தச்சது."

அடுத்த வாரமே நடுவத்தின் புற உதவி விசாரணைக் குழு கூடியது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"எத்தனை நாளா இவங்களுக்கு நீங்க உதவி செஞ்சுட்டு வர்றீங்க?"

"கல்யாணம் ஆனதுல இருந்துங்க."

"ஆய்வுல சேர்ந்த பிறகும் நிறுத்தலையா?"

"நிறுத்தணும்னு தோணலைங்க."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். "பாருங்க, ஒப்புக்கொள்றார்" என்றார். பிறகு விளக்கினார். "உதவிங்கிறது எங்க பார்வையில ஒரு மாசு. நோய் தன் போக்குல போகணும். நீங்க ஊடால புகுந்து கரண்டிக்குப் பஞ்சு சுத்துனா, நோய் எங்க இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு எல்லாரும் எல்லாருக்கும் உதவ ஆரம்பிச்சா ஆராய்ச்சி என்ன ஆகும்? இடம் வேணும்னா, இனி எந்த உதவியும் செய்ய மாட்டேன்னு உறுதி கொடுக்கணும்."

தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே மாஸ்டர் கேட்டார்: "தண்ணி கேட்டா குடுக்கலாங்களா?"

மூவரும் குனிந்து பேசினார்கள். "அவங்களா கேட்டா குடுக்கலாம். நீங்களா நீட்டக் கூடாது."

"பக்கத்துல உட்காரலாங்களா?"

"உட்காரலாம். பார்வையாளரா."

"அவங்களுக்காகக் கடவுள்கிட்ட வேண்டிக்கலாங்களா?"

இதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஓர் உறுப்பினர் கூடாது என்றார், இன்னொருவர் பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் தலைவர் சொன்னார்: "வேண்டிக்கலாம். ஆனா பலிச்சா எங்களுக்கு உடனே தெரிவிக்கணும்."

உறுதிமொழியில் நோயாளியே கையெழுத்திட வேண்டும் என்றார்கள். மனைவியின் விரல்களில் பேனா நிற்கவில்லை. மாஸ்டர் வழக்கம் போல அவர் கையைப் பிடிக்கப் போனார்.

"அது உதவி" என்றார் மனைவி.

குழு திடுக்கிட்டது. உதவி இல்லாமல் கையெழுத்து வராது. உதவியோடு வந்தால் உறுதிமொழியே முறிந்துவிடும். மூவரும் தேநீர் இடைவேளைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். தீர்மானம் இதுதான்: உறுதிமொழி வேண்டாம், அடுத்த மதிப்பீட்டுக்கு நிஜப் பொத்தான் போட்ட சட்டையில் வர வேண்டும். கணவர் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் இடம் ரத்து.

இருவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள். "பேசாம விட்டுடலாமா?" என்றார் மாஸ்டர் வழியில்.

"எதை?"

"ஆய்வை. உன்னை அங்க உட்கார வெச்சு, நான் கைகட்டி நின்னு பார்க்கவா?"

மனைவி நெடுநேரம் வார்த்தைகளைச் சேகரித்தார். "வீட்டுல நீங்க ஊட்டுங்க. யார் கேட்டாலும் ஊட்டுனேன்னு சொல்லுங்க. அங்க முடியலைன்னா, முடியலைன்னே எழுதட்டும். அந்த மைக்குக்காகவா நான் போறேன்? மருந்து நிஜமா இருந்தா யாருக்காவது ஆகும்." மூச்சு வாங்கினார். "கோட்டைத் தாண்டிடாதீங்க. உங்களைத்தான் எனக்குப் பயம்."

மதிப்பீட்டு நாள் வந்தது. அறையில் இயந்திரங்களுக்காகக் குளிர் கூட்டி வைத்திருந்தார்கள். மாஸ்டர் கோட்டுக்குப் பின்னால் நின்றார். விசாரணைக் குழுத் தலைவர் கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை திறந்திருக்க, உள்பனியனோடு மனைவி சக்கர நாற்காலியில் இருந்தார். பரீட்சை அம்மாள், "ஆரம்பிக்கலாம்" என்றார்.

விரல் பொத்தானைத் தொட்டது, வழுக்கியது. மறுபடி தொட்டது. பொத்தான் துளையின் ஓரம் வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மேல் பொத்தானை விட்டுக் கீழ்ப் பொத்தானுக்குப் போனார். அதுவும் வரவில்லை. கைகள் மடியில் விழுந்தன. தூக்கினார். விழுந்தன. உடம்பு குளிரில் நடுங்கத் தொடங்கியது. மாஸ்டர் காலணிக்குள் விரல்களை மடக்கிக்கொண்டார். இவ்வளவு நேரம் பிரேக்கை மிதித்தபடி அவர் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை. 'கடவுளே, அவ கைக்கு வேண்டாம், என் காலுக்குப் பலம் குடு' என்று வேண்டிக்கொண்டார். கால் நகரவில்லை. அது பலித்தது, ஆனால் குழுவுக்குத் தெரிவிக்க அவருக்குத் தோன்றவில்லை.

"நேரம் முடிஞ்சுது" என்றார் பரீட்சை அம்மாள். கணினியில் பதிந்தார்: இயலவில்லை. மிகக் குறைந்த மதிப்பெண். இம்முறை கணினி எதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுந்து வந்து, சக்கர நாற்காலிக்கு முன் முழங்கால் மடித்து உட்கார்ந்து, கீழ்ப் பொத்தானில் இருந்து ஒவ்வொன்றாகப் போட்டுவிடத் தொடங்கினார்.

மாஸ்டர் அவசரமாகக் கேட்டார்: "அம்மா, இது உதவி ஆயிடாதுங்களா? எங்க இடம் போயிடாதுங்களா?"

"எழுதியாச்சு. எழுதினது உண்மை" என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே. "அதுக்கு மேலயும் இவங்களைக் குளிர்ல வெச்சிருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தரல."

"மேல் பட்டன் வேண்டாம்" என்றார் மனைவி. "கழுத்தைப் பிடிக்கும்."

"சரி." அந்த அம்மாளின் முகத்தில் இப்போதும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் காலரைச் சரிசெய்த கை, சொல்லாமலே கலைந்த முடியையும் ஒதுக்கிவிட்டது. "கை ஐஸா இருக்கே" என்று இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தார். மாஸ்டர் கோட்டுக்குப் பின்னால் நின்றபடியே முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கண்ணிலும் தூசி.

கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரே பரபரப்பு. குழுவும் துறைத் தலைவரும் இயக்குநரும் மூன்று கூட்டம் போட்டார்கள். மதிப்பெண் சரியாக இருந்தது. கணவர் கோட்டைத் தாண்டவில்லை. உதவி நடந்திருக்கிறது, ஆனால் ஆய்வில் ஒரு புள்ளிகூட அசையவில்லை. எந்த விதி மீறப்பட்டது என்று யாருக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கண்டிக்க முடியாத ஒன்றை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, இயக்குநர் ஒலிவாங்கியை எடுத்தார். இப்படிப் பொத்தான் போட்டுவிடுவது தம் மனத்தில் வெகுநாளாக இருந்த திட்டம்தான் என்று அறிவித்தார்.

மாஸ்டரின் மனைவிக்கு இடம் நிலைத்தது. மாத்திரையில் இருப்பது மருந்தா மாவா என்பது இன்னும் தெரியாது, தெரிய நாளாகும். அவர் கைகள் இப்போது அநேகமாக எழுவதே இல்லை. மாதம் ஒரு முறை அவர்கள் போகிறார்கள். அந்த அறைக்கு வெளியே புதிதாக ஒரு பித்தளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள்: 'மதிப்பீட்டுக்குப் பிந்தைய பொத்தானிடும் பிரிவு'. பிரிவுக்குத் தலைவர் வந்துவிட்டார், துணைத் தலைவர் வந்துவிட்டார், இருவருக்கும் தனி அறை ஒதுக்கியாகிவிட்டது. பொத்தான் போடுகிற ஆளின் நியமனம் மட்டும் பரிசீலனையில் இருக்கிறது.

அதுவரை பரீட்சை அம்மாளே ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் எழுதி முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுப் போட்டுவிடுகிறார். வரிசையில் அடுத்தவரின் சக்கர நாற்காலியை மாஸ்டர் தள்ளிக்கொண்டு வந்து விடுகிறார். அதற்கு இன்னும் பிரிவு எதுவும் ஏற்படவில்லை.